அத்தியாயம் 6: மலைத் தடத்தைக் காக்கும் சைக்கிள் சங்கம்

லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு வடக்கே எழும் சான் கேப்ரியல் மலைகளில் கேப்ரியலினோ என்றொரு தடம் இருக்கிறது. நீளம் சுமார் 28 மைல். அமெரிக்காவில் ‘தேசியப் பொழுதுபோக்குத் தடம்’ என்ற தகுதியை முதன்முதலாக, 1970-இல், பெற்றது அதுதான். 2009 ஆகஸ்டில் மூண்ட ‘ஸ்டேஷன் தீ’ அந்த மலைகளில் ஏறத்தாழ 1,60,000 ஏக்கரைச் சாம்பலாக்கியது. செடிகொடி போன சரிவில் அடுத்து மழை விழுந்தது. கல்லும் மண்ணும் சரிந்து, தடத்தின் நடுப்பகுதி பல இடங்களில் இருந்த சுவடே தெரியாமல் போயிற்று. அந்தப் பகுதி மூடப்பட்டது.

அதைத் திரும்ப வெட்டித் திறந்ததில் பெரும்பங்கு மலை சைக்கிள் ஓட்டுபவர்களுடையது. ‘கோர்பா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் கன்சர்ன்டு ஆஃப்-ரோடு பைசைக்கிலிஸ்ட்ஸ் அசோசியேஷனும், மவுண்ட் வில்சன் பைசைக்கிளிங் அசோசியேஷனும் கைகோத்தன. ஆர்.இ.ஐ. கூட்டுறவு நிறுவனத்திடம் மானியம் வாங்கின. கடினமான இடங்களுக்குத் தொழில்முறைத் தடம் வெட்டுபவர்களை அமர்த்தி, மற்ற இடங்களில் தன்னார்வலர்களை இறக்கின. 2018-இல் தடம் மீண்டும் திறந்தது. தீக்கும் திறப்புக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள்.

கோர்பா 1987-இல் தொடங்கிய சங்கம். அந்தக் காலத்தில் கலிஃபோர்னியாவின் மலைத் தடங்கள் ஒவ்வொன்றாகச் சைக்கிளுக்கு மூடப்பட்டுவந்தன. நடப்பவர்களும் குதிரை ஓட்டுபவர்களும் புகார் கொடுத்தார்கள். சைக்கிள்காரர்கள் சார்பில் பேச ஆளில்லை. அடுத்த ஆண்டே கோர்பா உள்ளிட்ட ஐந்து கலிஃபோர்னியச் சங்கங்கள் சேர்ந்து ‘இம்பா’ என்ற சர்வதேச மலை சைக்கிள் சங்கத்தை உருவாக்கின. இன்று உலகின் பல நாடுகளில் தடம் வெட்டும் முறைகளும் ஓட்டும் ஒழுங்குகளும் இம்பா எழுதிவைத்தவற்றை ஒட்டியே நடக்கின்றன.

தடம் கேட்டு அலுவலகங்களுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். தடத்தைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு, சொன்னபடி மாதாமாதம் மண்வெட்டியோடு வந்து நிற்பவர்கள் குறைவு. அதிகாரிகளின் நினைவில் நிற்பது இந்த இரண்டாவது வகையினர்தான். அப்படி ஒரு சங்கத்தைத் தொடங்கி நடத்த விரும்புபவர்களுக்கானது இந்த அத்தியாயம்.

முதல் வேலை: நிலம் யாருடையது?

மண்ணில் கை வைக்கும் முன் செய்ய வேண்டியவை, வரிசையாக:

1. தடம் செல்லும் நிலத்தின் வரைபடத்தை எடுங்கள். ஒரே தடம் மூன்று நான்கு உரிமையாளர்களின் நிலத்தைக் கடந்து போவது சர்வசாதாரணம். கோர்பா பணியாற்றும் சான்டா மோனிகா மலைகளில் 67 மைல் நீளமுள்ள ‘பேக்போன்’ தடம் தேசியப் பூங்காத் துறை நிலத்திலும் மாநிலப் பூங்கா நிலத்திலும் மாறி மாறிச் செல்கிறது. ஒரு துண்டில் சைக்கிளுக்கு அனுமதி, அடுத்த துண்டில் இல்லை.

2. ஒவ்வொரு துண்டுக்கும் பொறுப்பான அதிகாரி யார் என்று கண்டுபிடித்து, பெயரையும் பதவியையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெரிய அதிகாரியைவிட, அந்தக் காட்டில் தினமும் நடக்கிற களப் பணியாளரைத் தெரிந்துவைத்துக்கொள்வது அதிகப் பயன் தரும்.

3. அங்கே ஏற்கெனவே என்ன தடை உள்ளது என்று பாருங்கள். அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டத்தின்கீழ் வரும் காடுகளில் சைக்கிளுக்கு இடமில்லை. அங்கே தடம் பராமரிக்கப் போகிறவர்கள் மோட்டார் ரம்பம்கூடக் கொண்டுபோக முடியாது, கையால் இழுக்கும் ரம்பம்தான். ஸ்காட்லாந்தில் நிலைமை நேர்மாறு. 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும்வரை பெரும்பாலான நிலங்களில் சைக்கிளுக்கும் வழிவிடுகிறது. ஒரு நாட்டுப் புத்தகத்தைப் படித்துவிட்டு இன்னொரு நாட்டில் வேலை தொடங்கக் கூடாது.

4. எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அமெரிக்க வனத்துறை போன்ற இடங்களில் தன்னார்வலர் ஒப்பந்தம் என்றே தனிப் படிவம் உண்டு. அதில் பெயர் பதிந்து வேலை செய்பவருக்கு அடிபட்டால் சிகிச்சைக்கு வழி இருக்கிறது. வாய்மொழியாக “சரி, செய்யுங்கள்” என்று சொன்ன அதிகாரி மாற்றலாகிப் போனால், அடுத்தவருக்கு அந்தச் சொல் தெரியாது.

தமிழ்நாட்டு வாசகர்கள் இந்த நான்காவது படியில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை என்று சைக்கிள் ஓட்ட ஆசைகாட்டும் மலைகளில் பெரும்பகுதி காப்புக்காடு. அனுமதியில்லாமல் உள்ளே போவதும், செடியை வெட்டுவதும், மண்ணைத் தோண்டுவதும் தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி குற்றம். சரணாலயம் என்றால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு காட்டுக்குள் செல்லும் விதிகள் இறுகின. இறுகியது சரியே. ஆகவே மாவட்ட வன அலுவலரின் எழுத்து அனுமதி இல்லாத இடத்தில் தடம் பற்றிய பேச்சே எழக் கூடாது. யானை நடமாடும் வழித்தடத்தில் அனுமதி கேட்கவும் வேண்டாம். தனியார் தோட்டம், கல்லூரி வளாகத்தின் புறநிலம் போன்றவை தொடங்குவதற்கு ஏற்ற இடங்கள்.

பாழ்பட்ட நிலத்தைக் கேட்டு வாங்குவதும் நல்ல உத்தி. நியூசிலாந்தின் வெலிங்டனில் மகாரா பீக் சைக்கிள் பூங்கா 1998-இல் அப்படித்தான் பிறந்தது. கால்நடை மேய்ந்து முடித்த பழைய பண்ணை நிலம், முட்புதர் மண்டிக் கிடந்தது. நகர மன்றத்தின் அனுமதியோடு இறங்கிய தன்னார்வலர்கள், தடம் ஒரு மீட்டர் வெட்டினால் உள்ளூர் மரக்கன்று ஒன்று நடுவது என்று தங்களுக்கே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்கள். சைக்கிளில் ஏறாதவர்களுக்கும் அந்தப் பூங்கா தங்களுடையது என்று தோன்ற அந்த மரங்கள் காரணமாயின. கன்று நடும் திட்டத்தைத் தடத் திட்டத்தோடு சேர்த்தே எழுதிக் கொடுக்கும் சங்கத்துக்குக் கதவு சீக்கிரம் திறக்கும்.

குழுவைச் சேர்ப்பது

ஐந்து பேர் போதும். தலைவர், செயலாளர் என்ற பட்டங்கள் பிறகு வரட்டும். முதலில் பிரித்துக்கொள்ள வேண்டியவை: அதிகாரிகளோடு கடிதப் போக்குவரத்து ஒருவர், கருவிகள் ஒருவர், முதலுதவியும் பாதுகாப்பும் ஒருவர், வருகைப் பதிவும் கணக்கும் ஒருவர், களத்தில் வேலை வாங்கும் மேஸ்திரி ஒருவர்.

மேஸ்திரி மிக வேகமாக சைக்கிள் ஓட்டுபவராக இருக்க வேண்டியதில்லை. மழையில் தடத்தைப் போய்ப் பார்க்கிற பொறுமை உள்ளவராக இருந்தால் போதும். ஏன் என்பது அடுத்த பகுதியில் புரியும்.

தண்ணீரைப் படிக்கக் கற்பது

தடத்தைக் கெடுப்பது டயர் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். டயரும் காலும் குளம்பும் மண்ணைத் தளர்த்துகின்றன. அதை அள்ளிக்கொண்டு போவது தண்ணீர். சரிவில் நேர் கீழாக இறங்கும் தடம் ஒரே மழைக்காலத்தில் ஓடையாகிவிடும். ஓடையானதும் ஆட்கள் அதன் ஓரமாக ஓட்டத் தொடங்குவார்கள். தடம் அகலமாகும், இரண்டாகும், மூன்றாகும். புகார் அதற்கு அடுத்த நாள் வரும்.

எனவே ஒரு சங்கத்தின் முதல் ஆறு மாத வேலையெல்லாம் தண்ணீர் வேலைதான். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கட்டட வேலைக்காரர்கள் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று, நேரான ஒரு மீட்டர் சட்டம் ஒன்று, அளவு டேப் ஒன்று இருந்தால் போதும்.

*சரிவை அளக்கும் முறை*

1. சட்டத்தின் ஒரு முனையை மேட்டுப் பக்கத் தரையில் ஊன்றுங்கள். மறுமுனையைப் பள்ளப் பக்கம் நீட்டிப் பிடியுங்கள்.

2. ரசமட்டத்தை மேலே வைத்து, குமிழ் நடுவில் நிற்கும்வரை சட்டத்தை உயர்த்துங்கள்.

3. நீட்டிய முனையிலிருந்து தரைவரை டேப் பிடித்து அளவெடுங்கள். 40 செ.மீ. வந்தால் சரிவு 40 சதவீதம், 12 செ.மீ. வந்தால் 12 சதவீதம். தனிக் கணக்கு தேவையே இல்லை.

இதே முறையில் மலையின் சரிவை ஒரு தடவையும் தடத்தின் சரிவை ஒரு தடவையும் அளக்க வேண்டும். பிறகு இம்பாவின் தடம் வெட்டும் நூல் சொல்லும் விதிகளைப் பொருத்திப் பாருங்கள்.

பாதி விதி: தடத்தின் ஏற்ற இறக்கம், அது கடக்கும் மலைச்சரிவின் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. மலை 40 சதவீதம் என்றால் தடம் 20-ஐத் தாண்டக் கூடாது. மலை 14 சதவீதம் என்றால் தடம் 7-க்குள். இதைத் தாண்டினால் தண்ணீர் தடத்தைக் குறுக்கே கடக்காமல், அதையே வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடும். சமதளம் போலத் தெரியும் இடங்களில்தான் பலர் இந்த விதியை மீறுகிறார்கள்; மென்மையான சரிவில் நேராக இறங்கும் தடமும் அரிக்கும்.

பத்து விதி: தடத்தின் மொத்தச் சராசரி 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும். அங்கங்கே குறுகிய செங்குத்து வரலாம், பாறை நிலத்தில் இன்னும் கொஞ்சம் கூடலாம், மணல் நிலத்தில் குறைய வேண்டும்.

வாட்டம்: மொட்டை மாடித் தளத்துக்குக் கொத்தனார் வாட்டம் விடுவதுபோல, தடத்தின் தரையும் பள்ளப் பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். 5 சதவீதம், அதாவது 60 செ.மீ. அகலத் தடத்துக்கு 3 செ.மீ. தாழ்வு. கண்ணுக்குப் பிடிபடாத சாய்வு இது. ஆனால் மழைத்துளி அதைக் கண்டுபிடித்துவிடும்.

ஏற்ற இறக்க மாற்றம்: இறங்கிக்கொண்டே போகும் தடம் அவ்வப்போது கொஞ்சம் ஏறி, மறுபடி இறங்க வேண்டும். 6 முதல் 15 மீட்டருக்கு ஒரு முறை என்பது இம்பாவின் பொதுக் கணக்கு. அந்தச் சிறு ஏற்றத்தின் அடியில் தண்ணீர் நின்று, வாட்டத்தின் வழியே வெளியேறிவிடும். ஓட்டுபவருக்கு அது ஒரு குஷியான அலை. அவர் காலடியில் நடக்கும் வடிகால் வேலை அவருக்குத் தெரியவே தெரியாது.

*குட்டை தேங்கும் இடத்தைச் சரிசெய்வது*

புதிய சங்கம் தொட வேண்டிய முதல் வேலை இது. தடத்தை ஒட்டிப் பள்ளமான நிலம் இருக்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். சுற்றிலும் சமதளம் என்றால் தண்ணீருக்குப் போக இடமில்லை, தடத்தையே வேறு வழியில் திருப்ப வேண்டிவரும்.

1. தேங்கிய தண்ணீரைப் பள்ளப் பக்கம் கீறிவிட்டு வடிய விடுங்கள். ஈரம் காயாமல் மேற்கொண்டு தோண்ட வேண்டாம்.

2. குட்டையின் நடுவை மையமாக வைத்து, சுமார் 3 மீட்டர் நீளத்துக்குப் பிறைவடிவக் கோடு போடுங்கள். பிறையின் திறந்த பக்கம் பள்ளத்தை நோக்கி இருக்க வேண்டும்.

3. கோட்டின் ஓரத்தில் மெல்லியதாகவும், நடுவில் ஆழமாகவும் மண்ணைச் சீவுங்கள். நடுவில் வாட்டம் 15 சதவீதம்வரை வரலாம். ஓரங்கள் தெரியாமல் கலந்துவிட வேண்டும். சைக்கிளில் வருபவருக்குக் குழி தட்டக் கூடாது.

4. தடத்தின் பள்ளப் பக்க ஓரத்தில் காலப்போக்கில் எழும்பிய வரப்பு போன்ற மேட்டை முழுக்க எடுத்துவிடுங்கள். பாதிக் குட்டைகளுக்குக் காரணம் அந்த மேடுதான்.

5. சீவிய மண்ணைத் தடத்தை விட்டு வெகுதூரம் வீசிப் பரப்புங்கள். ஓரத்தில் குவித்தால் புது வரப்பு உருவாகிவிடும்.

6. ஒரு பாட்டில் தண்ணீரை மேட்டுப் பக்கம் ஊற்றிப் பாருங்கள். நிற்காமல், தடத்தோடு ஓடாமல், குறுக்கே கடந்து போனால் வேலை முடிந்தது.

பொதுவான தவறுகள் மூன்று. குட்டையில் மரக்கிளைகளையும் இலைதழைகளையும் போட்டு நிரப்புவது: அவை மக்கி, சேறு இரட்டிப்பாகும். ஒரு கை அகலத்துக்கு ஒடுங்கிய கால்வாய் வெட்டுவது: முதல் மழையிலேயே இலை அடைத்துக்கொள்ளும். மேல்மண்ணைக் கொட்டித் தடத்தை உயர்த்துவது: அது கஞ்சியாகிப் போகும்.

மேல்மண் விஷயத்தில் கனடாவின் வான்கூவருக்கு வடக்கே உள்ள மலைகளின் தடக்காரர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஃப்ரோம், சீமோர், சைப்ரஸ் மலைகளில் ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டுகிறது. காட்டின் மேல்பரப்பு முழுக்க மக்கிய கறுப்பு மண். டயர் பட்டால் குழம்பு. அவர்கள் தடத்தைவிட்டுத் தள்ளி, கண்ணில் படாத இடத்தில் ஒரு குழி தோண்டி, கறுப்பு மண்ணுக்கு அடியில் கிடக்கும் சரளை கலந்த பழுப்பு மண்ணை எடுக்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘தங்கம்’. வாளி வாளியாகச் சுமந்து வந்து, அடியில் கல் பாவி, மேலே அதைப் பரப்பி மிதித்து இறுக்குகிறார்கள். பத்து மீட்டர் தடத்துக்கு ஒரு நாள் போய்விடும். அங்கே வேறு வழி எதுவும் நிலைப்பதில்லை.

முதல் வேலை நாள்

மூன்று மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். களைத்த பிறகுதான் விபத்துகள் நடக்கின்றன. வலியோடு வீட்டுக்குப் போனவர் அடுத்த முறை வர மாட்டார்.

*முந்தின வாரம்*

மேஸ்திரி தடத்தில் நடந்து, வேலை செய்ய வேண்டிய இடங்களில் நிற நாடா கட்டிவிட்டு வர வேண்டும். இடத்துக்கு எத்தனை பேர், என்ன கருவி என்று எழுதிக்கொள்ள வேண்டும். வேலை நாளன்று முப்பது பேரைக் கூட்டிவைத்துக்கொண்டு “எங்கே தொடங்கலாம்?” என்று யோசிக்கும் சங்கத்துக்கு அடுத்த மாதம் பத்துப் பேர்தான் வருவார்கள். தேதி, இடம், வேலையின் அளவு மூன்றையும் நில அதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

*கருவிகள்*

வட அமெரிக்கத் தடக்காரர்களின் கையில் இரண்டு கருவிகளை எப்போதும் பார்க்கலாம். ஒன்று மெக்லியோட்: நீண்ட கைப்பிடி, ஒரு பக்கம் தடித்த பற்கள், மறுபக்கம் மண்வெட்டி வாய். 1905-இல் சியர்ரா தேசிய வனத்தின் காவலர் மால்கம் மெக்லியோட் வடிவமைத்தது. மற்றொன்று புலாஸ்கி: ஒரு பக்கம் கோடாரி, மறுபக்கம் கொத்து. 1910-இல் ஐடஹோ மாநிலத்தில் பெருங்காட்டுத்தீயின்போது தன் ஆட்களைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோய்க் காப்பாற்றிய எட் புலாஸ்கியின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. இரண்டுமே தீயணைப்புக்காகப் பிறந்த கருவிகள்.

இவை கிடைக்காத ஊரில் மண்வெட்டி, பிக்காசு, கடப்பாரை, இரும்புவாரி, கைரம்பம், கவாத்துக் கத்தரி போதும். நம் ஊர் மண்வெட்டிக்குக் கைப்பிடி குட்டை. குனிந்தே வேலை செய்தால் பழக்கமில்லாதவருக்கு அரை மணியில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். நீளமான பிடி போட்டு வையுங்கள்.

*பாதுகாப்பு: காலை உரையில் சொல்ல வேண்டியவை*

1. ஒவ்வொருவருக்கும் கையுறை, மூடிய காலணி, முழுக்கால் சட்டை. கல் உடைப்பவருக்கும் ரம்பம் பிடிப்பவருக்கும் கண்ணாடி கட்டாயம்.

2. இருவருக்கு இடையே குறைந்தது 3 மீட்டர். கை நீளமும் கருவி நீளமும் சேர்ந்த வட்டத்துக்குள் இன்னொருவர் வரக் கூடாது.

3. வேலை செய்பவரைக் கடக்கும்போது, தள்ளி நின்று “தாண்டுறேன்!” என்று குரல் கொடுத்து, அவர் நிமிர்ந்து பார்த்து “வாங்க” என்று சொன்ன பிறகே நகர வேண்டும்.

4. கருவியைத் தோளில் சுமக்கக் கூடாது. பள்ளப் பக்கக் கையில், தொங்கவிட்டபடி, கூர் முன்னோக்கிப் பிடித்து நடங்கள். சறுக்கினால் பள்ளத்தில் எறிந்துவிடலாம்.

5. கீழே வைக்கும்போது பல்லும் வாயும் தரையைப் பார்க்க, தடத்தின் மேட்டுப் பக்கம் வையுங்கள்.

6. கல்லை உருட்டும் முன் கீழே யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க ஒருவரை நிறுத்துங்கள். கீழே இன்னொரு தடம் இருந்தால் உருட்டவே வேண்டாம்.

7. மோட்டார் ரம்பம் பயிற்சிச் சான்று பெற்றவர் கையில் மட்டும். அமெரிக்க வனத்துறை, ரம்பம் பிடிப்பவருக்கு முதலுதவிப் பயிற்சியும் இருக்க வேண்டும் என்கிறது. எந்த ஊரானாலும் அதையே பின்பற்றுவது நல்லது.

8. அடிபட்டால் யார் கீழே இறங்குவது, வண்டி எங்கே நிற்கிறது, பக்கத்து மருத்துவமனை எது, கைபேசி சிக்னல் எந்த வளைவில் கிடைக்கும்: நான்கையும் எல்லாரும் கேட்க உரக்கச் சொல்லுங்கள்.

இடத்துக்கு இடம் ஆபத்து மாறும். கலிஃபோர்னியாவில் தொட்டால் கொப்புளிக்கும் பாய்சன் ஓக் செடியும், தரைக்குள் கூடு கட்டும் குளவிகளும். மேற்குத் தொடர்ச்சி மலையில் செந்தட்டி, அட்டை, பாம்பு. ஒவ்வாமை உள்ளவர் யார் என்று காலையிலேயே கேட்டுவிடுங்கள்.

*கிளை வெட்டும்போது*

கிளையை மரத்தோடு ஒட்ட வழித்து வெட்டக் கூடாது. குச்சியாக நீட்டி விடவும் கூடாது. கிளை பிறக்கும் இடத்தில் மோதிரம்போல் புடைத்திருக்கும் பகுதிக்கு வெளியே வெட்டினால் மரம் தானே காயத்தை மூடிக்கொள்ளும். குச்சியாக விட்டால், அது சைக்கிளில் வருபவரின் தோள் உயரத்தில் ஈட்டி. வெட்டியதைப் பள்ளப் பக்கம் இழுத்துப்போய், வெட்டுவாய் தடத்திலிருந்து தெரியாதபடி திருப்பிப் போடுங்கள். நடப்பவர் ஒருவர் மறுநாள் வரும்போது, இங்கே ஆள் வேலை செய்தார்கள் என்பதே தெரியக் கூடாது.

குறிப்பு: வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணிப் பாருங்கள், பிறகு ஆட்களை எண்ணிப் பாருங்கள். அதன் பிறகு டீயும் வடையும். சாப்பாடு இல்லாத வேலை நாளுக்குக் கூட்டம் சேராது.

அதிகாரிகளிடம் பேசுவது

சில வேலை நாட்கள் முடிந்த பிறகுதான் கோரிக்கை. அதற்கு முன்பு வேண்டாம்.

1. ஒரே பக்கக் கடிதம். எந்தத் தடம், எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை, என்ன அனுமதி வேண்டும், பராமரிப்பை யார் செய்வார்கள் என்பது மட்டும்.

2. சரிசெய்வதற்கு முன், சரிசெய்த பின், ஒரு மழைக்குப் பின் என்று ஒரே கோணத்தில் எடுத்த மூன்று படங்கள். மூன்றாவது படம்தான் பேசும்.

3. இருவர் போனால் போதும். முதல் சந்திப்புக்கு இருபது பேர் போய் நின்றால் அது போராட்டம்போல் தெரியும்.

4. சிறியதைக் கேளுங்கள். ஒரு தடம், ஓராண்டு, சோதனை அடிப்படையில்.

5. பூங்கா அல்லது வனத்தின் மேலாண்மைத் திட்டம் வரைவு நிலையில் பொதுமக்கள் கருத்துக்கு வரும் நாளைத் தவறவிடாதீர்கள். திட்டம் இறுதியான பிறகு எவ்வளவு கத்தினாலும் பலன் கிடைப்பது அரிது. டொராண்டோவின் டான் பள்ளத்தாக்கில் உள்ள க்ரோதர்ஸ் உட்ஸ் காட்டில், சைக்கிள்காரர்கள் நகராட்சியோடு உட்கார்ந்து பேசி, திட்டத்துக்குள் வந்து, இப்போது அதே தடங்களில் பராமரிப்பு வேலை செய்கிறார்கள். ஸ்கார்பரோவில் வாழும் தமிழ் இளைஞர்களுக்கு எட்டும் தூரத்தில் உள்ள இடம் அது.

ஆய்வுகளைக் கையில் வைத்திருங்கள், ஆனால் முதலில் நீட்ட வேண்டாம். 1994-இல் மொன்டானாவில் வில்சன், சீனி என்ற இரு ஆய்வாளர்கள், நடப்பவர், குதிரை, சைக்கிள், மோட்டார் சைக்கிள் நான்கையும் ஒரே தடங்களில் சோதித்தார்கள். மண்ணை அதிகம் தளர்த்தியவை குளம்பும் காலும்தான், சக்கரம் அல்ல என்பது முடிவு. கேட்டால் சொல்லலாம். கேட்காமல் சொன்னால், எதிரே உட்கார்ந்திருக்கும் குதிரைக்காரரைப் பகைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

தடத்தைப் பகிரும் மற்றவர்களோடு பகை கூடாது என்பதற்குப் பழைய சான்று இருக்கிறது. 1994-இல் யூட்டா மாநிலத்தின் பார்க் சிட்டியில், அதுவரை முறைத்துக்கொண்டிருந்த சியர்ரா கிளப்பும் இம்பாவும் ஒன்றாக உட்கார்ந்து, மலை சைக்கிள் ஓட்டுவதும் முறையான பொழுதுபோக்கே என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டன. கருத்து வேறுபாடுகள் அதோடு தீர்ந்துவிடவில்லை. ஆனால் மலையேறுபவர்கள் நிறைந்த, செல்வாக்கு மிக்க இயற்கைப் பாதுகாப்பு அமைப்பே அப்படி ஒப்புக்கொண்டது, ஊர் ஊராகச் சங்கங்களுக்குக் கை கொடுத்தது.

தடத்தில் நடந்துகொள்ளும் விதம்

ஓர் உறுப்பினர் ஒரு வளைவில் ஒரு முதியவரைப் பதறவைத்தால், ஓராண்டு மண்வேலை வீணாகும். சங்கம் தன் ஆட்களுக்குக் கறாராகச் சொல்ல வேண்டியவை சில. நடப்பவருக்கும் குதிரைக்கும் சைக்கிள்தான் வழிவிட வேண்டும். இறங்குபவர் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும். குதிரை எதிர்ப்பட்டால் இறங்கி, பள்ளப் பக்கம் ஒதுங்கி நின்று, ஓட்டுபவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். ஹெல்மெட் போட்ட அந்த உருவம் மனிதன்தான் என்று குரலைக் கேட்டுத்தான் குதிரை தெரிந்துகொள்ளும். கைப்பிடியில் ஒரு மணி கட்டிக்கொள்ளுங்கள். டயர் பதிந்து பள்ளம் விழும் அளவுக்கு ஈரம் இருந்தால் திரும்பி வீட்டுக்குப் போங்கள். குட்டையைச் சுற்றி ஓட்டாமல், நடுவே ஓட்டுங்கள்.

சான்டா மோனிகா மலைகளில் சைக்கிளில் ரோந்து போகும் தன்னார்வலர் குழு ஒன்று பல ஆண்டுகளாக இயங்குகிறது. அபராதம் போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. வழி தவறியவருக்கு வரைபடம் காட்டுவார்கள், விழுந்தவருக்குக் கட்டுப் போடுவார்கள், வேகமாகப் போகிறவரை நிறுத்திப் பேசுவார்கள். சைக்கிள்காரருக்கு இன்னொரு சைக்கிள்காரர் சொன்னால் ஏறுகிறது.

இன்னொன்று, மிக முக்கியமானது. அனுமதியில்லாமல் இரவோடு இரவாகக் கள்ளத் தடம் வெட்டுபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் சங்கத்தின் உறுப்பினராக இருந்தால், கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விலக்குங்கள். உறுப்பினரில்லை என்றால், அந்த ஆர்வத்தை வேலை நாளுக்கு இழுத்து வாருங்கள். தெரிந்தும் கண்ணை மூடிக்கொள்ளும் சங்கத்தை எந்த அதிகாரியும் நம்ப மாட்டார்.

பணமும் பதிவேடும்

வான்கூவருக்கு வடக்கே உள்ள அந்த மலைகளைக் கவனிக்கும் என்.எஸ்.எம்.பி.ஏ. சங்கம் 1997-இல் தொடங்கியது. தடங்களைத் தத்தெடுக்கும் திட்டம் ஒன்று அவர்களிடம் உண்டு. சைக்கிள் கடையோ, நிறுவனமோ, நண்பர் குழுவோ ஒரு தடத்தைத் தத்தெடுத்துப் பணம் கொடுக்கும். பயிற்சி பெற்ற ஒரு மேஸ்திரி அந்தத் தடத்துக்குப் பொறுப்பு. தத்தெடுத்தவர்களே ஆட்களைத் திரட்டி வேலை நாளுக்கு வருவார்கள். பணம் கொடுத்தவரே மண்ணும் சுமப்பதால், தன் தடம் என்ற உரிமை வந்துவிடுகிறது. இரண்டு கிலோமீட்டர் தடம் உள்ள சிறு ஊர்ச் சங்கத்துக்கும் இந்த முறை பொருந்தும்.

மணிக்கணக்கை எழுதிவையுங்கள். அமெரிக்காவில் அரசு மானியம் கேட்கும்போது, உள்ளூர்ப் பங்காகக் காட்ட வேண்டிய தொகைக்குத் தன்னார்வலர் உழைத்த மணிகளையும் பண மதிப்பாகக் கணக்கில் சேர்க்க முடியும். மானியம் இல்லாத நாட்டிலும், ‘இந்த ஆண்டு இத்தனை மணி உழைத்தோம்’ என்ற ஒற்றை வரி அதிகாரியின் மேசையில் கனமாக உட்காரும். பதிவேட்டில் ஒவ்வொரு வேலை நாளுக்கும் இருக்க வேண்டியவை: தேதி, தடத்தின் பெயர், வந்தவர் கையெழுத்து, வந்த நேரம், போன நேரம், செய்த வேலை, உடைந்த கருவி, சிறு காயமானாலும் அதன் விவரம்.

ஓராண்டுக்கான வேலையைப் பருவத்தோடு பொருத்திப் பிரித்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன் வடிகால்களைத் திறப்பது. மழையின்போது வேலை இல்லை. மேஸ்திரி மட்டும் குடையோடு நடந்து, தண்ணீர் எங்கே தடத்தில் ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று வரைபடத்தில் குறிப்பது. மழை ஓய்ந்து மண் ஈரப்பதமாக இருக்கும் வாரங்களில் புது மண்வேலை. அப்போதுதான் மிதித்தால் இறுகும். வறண்ட மாதங்களில் மண்ணைத் தொடாமல் கிளை கழிப்பது, பலகை மாற்றுவது. தீ அபாயம் உள்ள நாட்களில் காட்டுக்குள் யாரும் போகக் கூடாது. அந்த வாரங்களைக் கருவி தீட்டவும், அடுத்த ஆண்டுக்கான அனுமதிக் கடிதம் எழுதவும் வைத்துக்கொள்ளலாம். கடிதத்தின் நகலோடு பதிவேட்டின் நகலும் சேர்ந்து போகட்டும்.